மட்கார்டின் நிறம்

டெஷி கடற்கரைச் சாலையில் சவப்பெட்டி செய்யும் க்வேய் மேஸ்திரி, புகைப்படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து முதுகைச் சொறிந்துகொண்டார்.

“வாத்தியாரே, இது கார் இல்ல. காரோட மூக்கு.”

ஒக்போட்டி ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். எந்த ஆறு எந்தக் கடலில் கலக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கார்களைப் பற்றிய அவருடைய ஞானம், சக்கரம் நான்கு என்பதோடு முடிந்துவிடும்.

அவருடைய அப்பா காலமாகிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மீன் பிடித்தவர் மீன் வடிவச் சவப்பெட்டிக்குள்ளும் வெங்காயம் விற்றவள் வெங்காயத்துக்குள்ளும் மண்ணுக்குப் போகிற ஊர் அது. அப்பா தன் காருக்குள் போக வேண்டும் என்பது குடும்பத்தின் முடிவு. அதாவது, ஒக்போட்டியின் முடிவு. மற்றவர்கள் எதிர்த்துப் பேசிக் களைத்திருந்தார்கள்.

அந்தக் கார் கூடத்துச் சுவரில் புகைப்படமாக அறுபது வருஷம் நின்றுகொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட அப்பா, பானட்டின் மேல் கையை ஊன்றித் தாடையைத் தூக்கிக்கொண்டிருப்பார். உருண்டை விளக்கு ஒன்று, மட்கார்டு ஒன்று, பாதிக் கதவு. படம் பிடித்தவர் மீதி வண்டியை வெளியே விட்டுவிட்டார். யார் கேட்டாலும் அப்பா “என் கார்” என்பார். அதற்கு மேல் கேட்டால் இருமல் வந்துவிடும்.

‘நம் தெருவில் முதன்முதலாகக் கார் வைத்திருந்தவர்’ என்று இரங்கல் சுவரொட்டியும் அச்சாகிவிட்டது. மாமியார் வீட்டுச் சுவரில் ஒக்போட்டியே தன் கையால் இரண்டு ஒட்டினார். ஒன்று கிழிந்தாலும் ஒன்று இருக்கட்டும் என்று.

“பின்பக்கம் எப்படி இருக்கும்னு தெரியாம எப்படிச் செதுக்குறது?” என்றார் மேஸ்திரி. “என்ன வண்டின்னு விசாரிச்சுட்டு வாங்க.”

மூன்று நாள் அலைந்தார். ஒருவன் ஓப்பல் என்றான். இன்னொருவன் ஆஸ்டின் என்று சத்தியம் செய்தான். கடைசியில் சோவா என்ற கிழட்டு மெக்கானிக்கிடம் அனுப்பினார்கள். போனபோது லாரிக்கு அடியிலிருந்து அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. ஒக்போட்டி குனிந்து படத்தை உள்ளே நீட்டினார்.

“மோரிஸ் மைனர்” என்றது லாரி.

“நிச்சயமாவா, மாஸ்டர்?”

“என் பொண்டாட்டி மூக்கை மறந்தாலும் இந்த மூக்கை மறக்க மாட்டேன். உங்க அப்பா டாக்சி ஓட்டினாரா?”

“டாக்சியா? அது அவரோட சொந்த வண்டி!”

லாரி குலுங்கியது. உள்ளே சிரிப்பு. “கதவு கறுப்பு, மட்கார்டு வெளுப்பு. பார்த்தீங்களா?”

“ரெண்டு கலர் வண்டி. அப்பாவுக்கு ரசனை ஜாஸ்தி.”

“நம்ம ஊர்ல மட்கார்டுக்கு மட்டும் தனி ரசனை எந்த வண்டிக்கு இருக்கும், வாத்தியாரே?”

அந்த நேரம் பார்த்து, நான்கு மூலையிலும் மஞ்சள் பூசிய டாக்சி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு சாலையில் போனது. ஒக்போட்டி அந்தப் பக்கமே திரும்பவில்லை. இங்கே வந்ததும் அப்படி ஒன்றில்தான்.

வீட்டில் அம்மா, சோள மாவில் அவித்த கெங்கே உருண்டையைப் பிட்டு, பொரித்த மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“டாக்சிதான்” என்றாள். “இதுக்கா மூணு நாளா அலைஞ்ச?”

“உனக்குத் தெரியுமா?”

“உள்ளே உக்காந்திருந்தவளுக்குத் தெரியாதா?” மீன் எண்ணெய் படிந்த விரலைப் படத்தில் கார்க் கதவின் ஜன்னல் மேல் வைத்தாள். அங்கே ஒரு வெள்ளைக் கறை. பூஞ்சை என்று நினைத்து ஒக்போட்டி அதை எத்தனையோ தடவை துடைத்திருக்கிறார். “இந்த வெள்ளைத் துணிக்குள்ள இருக்கிறது நீதான். ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றோம். ட்ரோட்ரோ வேன் கூட்டத்துல பிள்ளை இடிபடக் கூடாதுன்னு, பொழுது சாயுற வரைக்கும் உங்கப்பா இந்த டாக்சியை வாடகைக்குப் பேசிட்டார். வழியில கைகாட்டுறவங்களைப் பார்த்தா தலையை வெளியே நீட்டி, ‘ஆள் இருக்கு! ஆள் இருக்கு!’ன்னு ஒரே கத்தல். நான்தான் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன், கத்தாதீங்க, பிள்ளை முழிச்சிக்கும்னு.”

“அப்புறம் ஏன் என் கார்னு சொன்னார்?”

“நீ அஞ்சு வயசுல கேட்ட. வண்டி பேசின அன்னிக்கு, ‘இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் இது என் கார்’னு சொல்லியிருந்தார், அந்த ஞாபகத்துல ஆமான்னுட்டார். நீ மறுநாளே பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடிச்சுட்டு வந்துட்ட. அப்புறம் அந்த மனுஷன் எங்கே போய் மாத்திச் சொல்லுவார்?”

ஒக்போட்டிக்கு இருமல் வந்தது.

மறுநாள் விஷயத்தைக் கேட்ட மேஸ்திரி உளியைக் கீழே வைத்தார். “டாக்சின்னு தெரிஞ்சா உங்க மச்சான் வருஷக்கணக்கா சிரிப்பான். நான் மொத்தத்துக்கும் கறுப்பு அடிச்சிடுறேன். மோரிஸ்னு தெரியும், டாக்சின்னு தெரியாது. மண்ணுக்குள்ள போற பொருள்தானே?”

நியாயமான யோசனை. ஒரு டப்பா பெயின்ட்டில் சுவரொட்டியும் பொய்யாகாது, மாமியார் வீட்டிலும் தலைநிமிர்ந்து நடக்கலாம். ஒக்போட்டி கறுப்பு டப்பாவைக் காலால் ஓரமாக நகர்த்தினார்.

“மட்கார்டுக்கு மஞ்சள்” என்றார்.

“எத்தனைக்கு?”

“நாலுக்கும்.”

சனிக்கிழமை மோரிஸ் மைனர் ஆறு பேரின் தோளில் ஏறி, ஆடி ஆடித் தெருவில் வந்தது. மச்சான் எதிர்பார்த்தபடியே சிரித்தான். திருப்பத்தில் தலையில் மீன் பேசின் சுமந்து நின்ற பெண் ஒருத்தி, மஞ்சள் மட்கார்டைக் கண்டதும் பழக்கதோஷத்தில் கையைக் காட்டினாள். அடுத்த நொடியே அந்தக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒக்போட்டி கூட்டத்திலிருந்து தலையை வெளியே நீட்டினார்.

“ஆள் இருக்கு! ஆள் இருக்கு!”

அம்மா பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“கத்தாதேடா. அப்பா முழிச்சிக்குவார்.”