பயணத்தின் நோக்கம்

வேலைவாய்ப்பு அலுவலகத்தின் நான்காவது ஜன்னலில் இருந்த அம்மா என் விண்ணப்பத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கடையில் முட்டை வாங்குகிறவர்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்களே, அப்படி.

“நேர்முகத்துக்குத்தானே போறீங்க?”

“ஆமாங்க.”

“அந்த ஊர்ல உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?”

கேள்வி தாளிலும் இருந்தது. ஒன்பதாவது கட்டம், ‘உள்ளூரில் உறவினர்’. நான் அதைக் காலியாக விட்டிருந்தேன். போன மாதம் யாரோ ஒருவர் நேர்முகம் என்று சொல்லி அலுவலகச் செலவில் பயணச் சீட்டு வாங்கிக்கொண்டு போய், மைத்துனன் கல்யாணத்தில் பந்தி பரிமாறிவிட்டு வந்தாராம். அதிலிருந்து, சொந்தம் இருக்கிற ஊர் என்றால் மேலதிகாரி விசாரிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லையாம். விசாரிக்கப் பத்து நாள் ஆகுமாம். இதையெல்லாம் அந்த அம்மா வெறுப்பில்லாமல்தான் சொன்னார்.

எனக்குப் பத்து நாள் கிடையாது. வியாழக்கிழமை நேர்முகம். வெள்ளிக்கிழமை காலை, அதே ஊரில், என் தங்கைக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை.

“யாருமில்லைங்க,” என்றேன்.

“அதையே எழுதிடுங்க.”

‘இல்லை’ என்று எழுதினேன். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும் என்று தங்கை சொல்வாள். அன்றைக்கு அந்த ஒரு சொல் மட்டும் அச்சடித்ததுபோல அழகாக விழுந்தது.

அந்த அம்மா தாளின் கீழ்ப்பாதியில் விரல் வைத்துக் காட்டினார். நேர்முகம் நடத்துகிறவர் அங்கே கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் திரும்பி வந்தால் பயணச் செலவை எனக்கு வரும் வேலையில்லா உதவித்தொகையில் பிடித்துக்கொள்வார்கள், ஆறு மாதத்துக்கு இந்த ஜன்னல் பக்கமே வர முடியாது. “அடிச்சு எழுதினாலும் செல்லாது. ஒருத்தர் பேனா சரியா எழுதலைன்னு அதே எழுத்து மேல ரெண்டாவது தடவை எழுதினார். அதையும் திருப்பிட்டாங்க,” என்றார். பிறகு இரண்டு பயணச் சீட்டுகளைக் கொடுத்தார். வியாழன் விடிகாலை போவதற்கு ஒன்று, அன்று மாலை ஏழு மணிக்குத் திரும்புவதற்கு ஒன்று.

பதினொரு வருடம் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தேன். துணியைத் தரம் பிரிப்பது, இயந்திரத்தில் போடுவது, ஈரத் துணியைச் சூடான உருளைக்குள் நீட்டி மடிப்பில்லாமல் எடுப்பது. வீட்டுக்கு வந்தால் என்மேல் சோப்பு வாசனை அடிக்கும். தங்கை என்னை அக்கா என்று கூப்பிட்டதைவிட ‘சோப்பு’ என்று கூப்பிட்டதுதான் அதிகம். எட்டு மாதத்துக்கு முன்னால் மருத்துவமனை சலவையை வெளியாளுக்குக் கொடுத்துவிட்டது. கடன் கேட்கக்கூடிய கதவுகளையெல்லாம் வீட்டு வாடகைக்கே தட்டியாகிவிட்டது.

வயிற்றில் கட்டி என்று தங்கை போனில் சொன்னபோது, கூடவே வராதே என்றும் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் தொலைதூர லாரி ஓட்டுகிறவர், எப்படியும் வெள்ளிக்கிழமை காலைக்குள் வந்துவிடுவார் என்றாள். அவள் குரலில் அவ்வளவு தைரியம் இருந்ததால்தான் எனக்குப் பயம் வந்தது. மறுநாள் அலுவலகப் பலகையில் அந்த ஊரின் பெயர் இருந்த அறிவிப்புகளை மட்டும் தேடித் தேடிப் படித்தேன். நீச்சல் பயிற்சியாளர் வேலைக்குக்கூட மனம் போனது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் எனக்கு உயிரே போய்விடும். கடைசியில் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்துக்கு ஆள் வேண்டும் என்று மூலையில் ஒரு சீட்டு இருந்தது.

ஆக, எனக்கு வேண்டியது அந்த ஊரில் ஒரு மணி நேரம். மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் நான்கிலிருந்து ஐந்து. நேர்முகம் இரண்டு மணிக்கு. இடையில் நடக்கிற தூரம்தான். பேருந்தில் ஆறு மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து இந்தக் கணக்கையே உருட்டிக்கொண்டு வந்தேன். வெளியே வயல்களும் கிடங்குகளும் மாறி மாறி வந்தன. ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் வெள்ளைத் துணிகள் காய்ந்தன. யாரோ யாருக்கோ கையசைப்பதுபோல இருந்தது.

இரண்டு மணிக்கு மேனேஜர் வரவில்லை. கொதிகலன் பரிசோதனைக்கு ஆள் வந்திருக்கிறார்கள் என்றார்கள். ஹோட்டலின் பின்பக்கத் தாழ்வாரத்தில் மூன்று பேர் காத்திருந்தோம். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மூட்டை தூக்குபவராக இருந்தவர். தலை நரைத்தவர், கலகலப்பானவர். மாதம் நான்கு இடத்தில் வேலை கேட்டதற்குக் கையெழுத்துக் காட்டினால்தான் அவருக்கு உதவித்தொகை வருமாம்.

“எனக்கு முதுகு போச்சு. மூட்டை தூக்க முடியாது, கையெழுத்துதான் தூக்க முடியும்,” என்றார். பிறகு என் கையில் இருந்த தாளைப் பார்த்து, “நீங்களும் நம்ம கட்சியா?” என்று கேட்டார். சிரித்து வைத்தேன்.

மூன்றே காலுக்கு மேனேஜர் வந்தார். நெற்றியில் கரி. முதலில் போன பெண் நெடுநேரம் உள்ளே இருந்தாள். அடுத்துப் போன மூட்டைக்காரர் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்து, தாளை விசிறிபோல ஆட்டிவிட்டுப் போனார். நான் உள்ளே நுழையும்போது நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

மேனேஜர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த தாளைப் பார்த்தார், கையை நீட்டினார், வாங்கினார், கையெழுத்துப் போட்டார்.

“தப்பா நினைக்கலைம்மா. வழக்கம்தான். நீங்க போகலாம்,” என்றார்.

தாளை மேசையில் என் பக்கமாகத் தள்ளினார். எனக்கு வேண்டிய எல்லாமே அதில் இருந்தது. அப்போதே எடுத்துக்கொண்டு நடந்திருந்தால் நான்கேகாலுக்கு அவள் கட்டிலுக்கருகில் இருந்திருப்பேன். இதை அதற்குப் பிறகு எத்தனை முறை நினைத்தேன் என்று எனக்கே தெரியாது.

மேசையோரத்தில் மடித்த படுக்கை விரிப்புகள் ஒரு அடுக்காக இருந்தன. மேலே இருந்ததன் விளிம்பு லேசாக மஞ்சள் ஏறியிருந்தது. என்னையறியாமல் கை போய்விட்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியைத் தேய்த்தேன். மொறமொறவென்று ஒரு சத்தம்.

“இதுல சோப்பு முழுசாப் போகலைங்க,” என்றேன். “உருளைச் சூட்டுல அது மஞ்சளாகுது. கடைசி அலசல் ஒண்ணு குறையுது.”

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். “தண்ணி மோசம்னு சொல்றாங்களே.”

“தண்ணி மோசம்னா விரிப்பு முழுக்க ஒரே நிறமா மங்கும். இது ஓரத்துல மட்டும்தான் இருக்கு.”

அவர் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். பின்னாலேயே போனேன். கீழே சலவைக்கூடம். அந்த வெக்கை முகத்தில் அடித்தபோது, எட்டு மாதமாகப் பேசாத ஒருவர் கூப்பிட்டதுபோல உடம்பு திரும்பியது. ஐந்து இயந்திரங்கள். நேரத்தை மிச்சம் பிடிக்க யாரோ அலசலைக் குறைத்து வைத்திருந்தார்கள். நான் காட்டினேன். உருளையில் நின்ற பெண்ணிடம் ஒரு முனையை வாங்கிக்கொண்டு விரிப்பு ஒன்றை நீட்டினேன். அது மறுபக்கம் சுருக்கமில்லாமல் வந்தது. அவர் கேள்வி கேட்கக் கேட்க நான் பதில் சொன்னேன். எல்லாம் எனக்குத் தெரிந்த கேள்விகள். கேள்வி கேட்பதற்கு லாயக்கான ஆளாக என்னை ஒருவர் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

அந்த நேரம் முழுவதும் என் தங்கையை நான் நினைக்கவே இல்லை.

“இந்த ஊர்ல உங்களுக்கு யாராவது இருக்காங்களா?” என்றார் மேனேஜர். “ஷிப்ட் வேலை. தங்க இடமில்லாதவங்க ஒரு மாசத்துல ஓடிப் போயிடுறாங்க. அதான் கேக்குறேன்.”

“தங்கச்சி இருக்கா,” என்றேன். அதை வாயால் சொன்னதும்தான் சுவரில் இருந்த கடிகாரம் கண்ணில் பட்டது. நான்கு முப்பத்தெட்டு.

அவர் கையில் இருந்த தாளைப் பார்த்தார். முதல் முறையாகப் படித்தார் என்று நினைக்கிறேன்.

“இதுல இல்லைன்னு எழுதியிருக்கீங்களே.”

இயந்திரங்களுக்கு நடுவில் பொய் சொல்ல எனக்குப் பழக்கமில்லை. தங்கை ஆஸ்பத்திரியில் இருப்பதையும், நாளைக் காலை அறுவை சிகிச்சை என்பதையும், ஐந்து மணியோடு கதவை மூடிவிடுவார்கள் என்பதையும், சொந்தக்காரர் உண்டு என்று எழுதியிருந்தால் சீட்டே கிடைத்திருக்காது என்பதையும் சொன்னேன். முன்பின் வரிசை இல்லாமல் சொல்லியிருப்பேன்.

“அப்ப அவங்களைப் பார்க்கத்தான் வந்தீங்க.”

“ஆமாங்க.” பிறகு, “வரும்போது அப்படித்தான்,” என்றேன்.

அவரும் கடிகாரத்தைப் பார்த்தார். தாளை என் கையில் திணித்தார்.

“அப்ப ஏம்மா இன்னும் இங்க நிக்கிறீங்க?”

அது கோபமா, இரக்கமா, வேலை இல்லை என்பதற்கான அடையாளமா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஓடினேன்.

மருத்துவமனை வாசலில் காவல்காரர் இன்னும் ஏழு நிமிடம்தான் என்றார். இரண்டாவது மாடி, பெண்கள் வார்டு, கடைசிக் கட்டில். தங்கை சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நினைத்ததைவிடச் சிறியவளாக இருந்தாள், பெரிய கோட்டுக்குள் ஒளிந்துகொண்ட குழந்தைபோல. என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்து மூக்கை உறிஞ்சினாள்.

“சோப்பு வாசனை அடிக்குது. வேலை கிடைச்சிடுச்சா?”

“இன்னும் தெரியலை.”

“நாலு மணியிலேர்ந்து கதவையே பார்த்துட்டிருந்தேன். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு ஒன்பது பேர் வந்தாங்க. அதுல ஒருத்தரையாவது கடனாக் கேக்கலாமான்னு பார்த்தேன்.”

நான் அவள் காலருகில் உட்கார்ந்தேன். கையில் இருந்த தாளை அவள் உருவிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், என் கடிதங்கள், என் மார்க் அட்டைகள், எல்லாம் முதலில் அவள் படித்தாக வேண்டும். தடுக்கத் தோன்றுவதற்குள் அவள் கண் ஒன்பதாவது கட்டத்தில் நின்றுவிட்டது.

“எவ்வளவு அழகா எழுதியிருக்கே,” என்றாள்.

சீட்டு கிடைக்க வேண்டுமே என்றுதான் எழுதினேன், வேறு வழியில்லை என்றேன். அவள் தலையாட்டினாள். புரிந்ததுபோலத்தான் ஆட்டினாள். பிறகு தாளை மடித்து என் மடியில் வைத்தாள்.

“விடு. நாளைக்கு ஏதாவது ஆயிட்டா உன் ஃபாரம் பொய் சொல்லாத ஃபாரமா ஆயிடும்.”

சிரிப்பதற்காகத்தான் அதைச் சொன்னாள். அவளால் சிரிப்பை முடிக்க முடியவில்லை.

கட்டிலின் கால்மாட்டில் நோயாளிக் குறிப்பு அட்டையோடு நூலில் ஒரு பேனா தொங்கியது. அதை இழுத்தேன். நூல் போதவில்லை, தாளைக் கட்டில் கம்பியோரம் கொண்டுபோய் வைத்து, ‘இல்லை’ என்பதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். மேலே கோழி கிளறியதுபோல எழுதினேன்: தங்கை.

அவள் எட்டிப் பார்த்தாள்.

“அடிச்சா செல்லாதுன்னு கீழயே போட்டிருக்கேடி, பைத்தியம்.”

“தெரியும்.”

“பயணச் செலவையும் பிடிச்சுக்குவாங்க.”

“தெரியும்.”

“கையெழுத்து வாங்கத்தானே இவ்வளவு நேரம் இருந்தே?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல்லை அன்றைக்கு இன்னொரு முறை சொல்ல முடியவில்லை. அவள் என் கையை எடுத்து, உள்ளங்கையில் உருளையின் சூடு சிவப்பாகக் கோடு போட்டிருந்த இடத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், உன்னை மறந்துபோய் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று.

மணி அடித்தது. நர்ஸ் ஒருத்தி வாசலிலிருந்து கட்டில் கட்டிலாகப் பார்வையாளர்களைக் கிளப்பிக்கொண்டு வந்தாள். பக்கத்துக் கட்டிலின் ஒன்பது பேரும் நாற்காலிகளை இழுத்தார்கள். நான் விரிப்பின் ஓரத்தைச் சரிசெய்வதுபோல விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தேன். நன்றாக அலசியிருந்தார்கள்.

“போயிட்டு வரேன்,” என்றேன்.

தங்கை என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“போறதுக்குச் சீட்டு இருக்கு,” என்றாள். “வர்றதுக்கு யார் குடுப்பா?”

நர்ஸ் எங்கள் கட்டிலுக்கு வருவதற்கு இன்னும் இரண்டு கட்டில்கள் இருந்தன.