கற்பூரம் எரிந்து முடியும்வரை

வினோதினிக்கு வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமைதான். சிதம்பரம் கீழவீதியில் கோயில் மணிச் சத்தத்தில் கண்விழித்து வளர்ந்தவள். கடலூர் பக்கம் குடிகாட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து ஒரு வாரம்கூடப் புளி போட்டு விளக்குத் தேய்க்காமல் இருந்ததில்லை. புருஷன் செந்தமிழ்செல்வன் பக்கத்துத் தொழிற்பேட்டையில், ஒரு ரசாயனக் கம்பெனியில் ஆபரேட்டர். காலை ஆறு மணி ஷிப்டு. அவன் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் இவள் குளித்து, கோலம் போட்டு, படங்களுக்குக் கனகாம்பரம் சாத்தி, சாம்பிராணிப் புகையை வீடெல்லாம் காட்டி முடித்திருப்பாள். முந்தின ராத்திரி எவ்வளவு பெரிய சண்டை நடந்திருந்தாலும் சரி, கற்பூரம் காட்டாமல் அவனை வாசல் தாண்ட விட்டதில்லை. பல சண்டைகள் அந்தத் தட்டுக்கு முன்னால்தான் முடிந்தன. அந்த வீடு இத்தனை வருஷம் ஒழுங்காக ஓடியது என்றால் பாதிக் காரணம் அவளுடைய அந்தப் பிடிவாதம்தான்.

செல்வன் பெரிய பக்திமான் ஒன்றும் இல்லை. ஆனாலும் வந்து நிற்பான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கைகூப்பி நிற்பான். "சாமி எதுருலதான இருக்கு, கண்ணத் தொறந்து பாத்தா என்னவாம்?" என்று இவள் கேலி செய்வாள். மணி கிணுகிணுத்ததும் கண் திறந்து, தீபத்தை ஒற்றிக்கொண்டு, திருநீறு பூசி வண்டியை எடுப்பான்.

2009-ல் தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், தேய்க்கும்போது மணியின் நாக்கு கழன்று விழுந்துவிட்டது. மாட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. ஒரு நாள் மணி இல்லாவிட்டால் சாமி கோபித்துக்கொள்ளுமா என்ன? கற்பூரத்தை ஏற்றிப் படங்களுக்குக் காட்டிவிட்டு, அவன் முன்னால் தட்டை நீட்டினாள்.

அவன் கண் திறக்கவில்லை. கற்பூரம் மூக்குக்கு நேராக எரிகிறது. புகை முகத்துக்கே போகிறது. அவன் பாட்டுக்கு நிற்கிறான். கற்பூரம் சுருங்கி, நீலமாகி, அணைந்தே போனது.

"இன்னும் ஏத்தலயா? நேரமாவுதுல்ல," என்றான், மூடிய கண்ணோடு.

வினோதினி தட்டைக் கீழே இறக்கினாள். போன வாரம் பால் அடிப்பிடித்துக் கருகியபோது அடுப்புக்குப் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். சோம்பேறித்தனம் என்று நினைத்து வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தாள்.

"ஏங்க, உங்களுக்கு வாசன தெரியலயா?"

"சளி புடிச்சிருக்கு. வேற ஒண்ணுமில்ல."

அவனுக்குச் சளியும் இல்லை, இருமலும் இல்லை. அவன் வேலை பார்க்கும், ரசாயனத் தொட்டிகள் நிற்கும் யார்டில் எங்காவது வால்வில் விஷவாயு கசிந்தால் முதலில் கண்டுபிடிப்பது மூக்குதான், மெஷின் கத்துவதெல்லாம் அப்புறம் என்று அவனே பெருமையாகச் சொல்லியிருக்கிறான். மூக்கு செத்தவன் அங்கே நின்றால் ஒரு நாள் நின்ற இடத்திலேயே விழுவான்.

"பொய் சொல்லாதீங்க."

"பொய்யில்ல வினோ. நல்லாத்தான் தெரியுது."

இன்னொரு கற்பூரத்தைத் தட்டில் வைத்து ஏற்றினாள். "அப்ப இத அணச்சி சத்தியம் பண்ணுங்க."

இதற்கு முன் ஒருநாளும் அவள் அப்படிக் கேட்டதில்லை. அந்தத் தட்டு அவளுக்குக் கும்பிடுவதற்குத்தான், பஞ்சாயத்துக்கு இல்லை. ஆனாலும் தட்டைப் பின்னால் இழுக்கவில்லை.

செல்வன் உள்ளங்கையைத் தீபத்துக்கு மேலே கொண்டுபோனான். சாமியாவது பூதமாவது என்று டீக்கடையில் வாய் கிழியப் பேசுகிறவன்தான். ஆனால் வாராவாரம் கண்ணில் ஒற்றிக்கொண்ட அந்த நெருப்பின் மேல் பொய்யோடு கையை இறக்க அவனால் முடியவில்லை. எரிந்து முடியும்வரை நின்றான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஆடியிலேருந்தே ஒண்ணும் தெரியல வினோ. பர்மனென்ட் ஆர்டர் வர்ற நேரம். சொன்னா கேட்டோட அனுப்பிடுவாங்க. பாப்பா படிப்பு இருக்குல்ல?"

"நீங்க இருந்தாத்தாங்க அவ படிப்பு. இன்னிக்கே சொல்லிடுங்க. இல்லன்னா நாளைக்கு நானே வந்து கம்பெனி கேட்டுல நிப்பேன்."

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனான். பகலெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போய்விட்டால் குற்றம் தன்னுடையதுதான் என்பது தெரியும். இருந்தாலும் கேட்டதற்காக அவள் வருத்தப்படவில்லை.

சாயங்காலம் விளக்கேற்றத் தீப்பெட்டியை எடுத்தபோது வந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது.

"வேல போச்சா?"

"தெரியல. யார்டையே மூடிட்டாங்க. எங்க மூணு பேரையும் நாளைக்குக் கடலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க."

"மூணு பேரா?"

"நான் ஆபீசர்கிட்ட சொன்னப்ப ஆரோக்கியராஜும் கொளஞ்சியும் கூட நின்னாங்க." அவனோடு அந்த யார்டில் நிற்பவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். "நான் சொல்லி முடிக்கல, ஆரோக்கியராஜ் தலயக் குனிஞ்சிகிட்டு 'சார், எனக்கும்தான்'ன்னான். கொளஞ்சி அழுவுறான். 'மச்சான், எனக்குந்தான் மூக்கு செத்துப்போச்சி, நீ மோந்து சொல்லுவேன்னுதான் தைரியமா நின்னேன்'றான். நானும் அவன நம்பித்தான் நின்னேன்."

வினோதினி தீப்பெட்டியோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்ப இத்தன நாளா அங்க கசிஞ்சிருந்தா யாருக்குங்க தெரிஞ்சிருக்கும்?"

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது," என்றான் செல்வன்.