திருத்தாமல் விட்ட வரி

மலைச்சாமி படியேறி வந்து வகுப்பறை வாசலில் நின்றபோதே நாகஜோதிக்கு அவரைத் தெரிந்துவிட்டது. அவருக்கு அவளைத் தெரியவில்லை. ஒன்பது மாதத்துக்கு முன்னால் தேனி ஆஸ்பத்திரி வராந்தாவில் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தவளையும், கம்பத்தில் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிற டீச்சரையும் ஒரே ஆளாகச் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. போலீஸ்காரரிடம், "டிரைவரு குடிச்சிருந்தான் சார்" என்றார். அவள் எழுந்து, "என் தம்பி குடிக்கிற ஆளில்லைங்க" என்றதற்கு, "யூ கீப் கொயட்" என்று கையைக் காட்டிவிட்டு நகர்ந்துபோனார்.

அவருக்கு மூன்று ஜீப். விடிந்ததும் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும். அதில் ஒன்றை ஓட்டியவன்தான் அவள் தம்பி தங்கப்பாண்டியன். கம்பமெட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் ஒரு இறக்கத்தில் ஜீப் உருண்டது. தோட்ட வேலைக்குப் போன கருத்தம்மாள் அங்கேயே செத்துப்போனாள். நான்கு பெண்களுக்குக் கை கால் முறிந்தது. தம்பிக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் முன் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்:

"காலையில மொதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னேன்க்கா. பிரேக்கு பெடலு தரையோட போகுதுண்ணே, இன்னைக்கி வண்டிய எடுக்க வேணாம்னேன். 'பேசாம ஓட்டுடா'ன்னுட்டாக."

போன் பேசியதற்கு அத்தாட்சி இருந்தது. என்ன பேசினார்கள் என்பதற்கு இல்லை. குடித்திருந்தான் என்ற பேச்சு மட்டும் ஊர் ஊராகப் போயிற்று. வழக்கும் தம்பியின் மேல்தான்.

"டிரைவரு பண்ணுன தப்புக்கு ஓனரு பொறுப்பில்லைன்னு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு லெட்டரு" என்றார் மலைச்சாமி, மாணவிகள் உட்காரும் பெஞ்சில் அமர்ந்தபடி. "ஆக்சிடென்ட்டு நடந்தது கேரளாவுல. தமிழ்ல எழுதுனா அவங்களுக்கு ஆகாது, மலையாளம் எனக்குப் பேச வரும், எழுத வராது. இங்கிலீஷ்ல நானே எழுதிட்டேன். மஸ்கட்ல பதினொரு வருசம் இருந்தவன். சும்மா ஒரு கண்ணு பாத்துக் குடுங்க டீச்சரு."

ஒன்றரைப் பக்கம். ஜீப் ஆறு மணிக்குப் புறப்பட்டது, அதில் எட்டுப் பேர் இருந்தார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தார். நடுவில் அந்த வரி இருந்தது. 'ஐ தாட் த பிரேக்ஸ் மே ஃபெயில். பட் த டிரைவர் வாஸ் டிரங்க்.'

நாகஜோதி அதை இரண்டு முறை படித்தாள்.

அவர் சொல்ல வந்தது அவளுக்குப் புரிந்தது. விபத்தென்று கேள்விப்பட்டதும் பிரேக் போயிருக்கலாம் என்று நினைத்தேன், அப்புறம்தான் டிரைவர் குடித்திருந்தது தெரிந்தது. அதற்கு 'மைட் ஹேவ் ஃபெயில்ட்' என்று எழுதியிருக்க வேண்டும். வெளிநாடு போகக் காத்திருக்கும் அவளுடைய நர்ஸ் மாணவிகள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது. நினைத்தேன், நம்பினேன் என்று தொடங்கிவிட்டு அதன் பின்னால் வருகிற மைட், குட், வுட்டில் கோட்டை விடுவார்கள். 'ஹேவ்' இருந்தால் நடந்து முடிந்ததைப் பற்றிய ஊகம். 'ஹேவ்' இல்லாவிட்டால் இனி நடக்கப்போவதைப் பற்றிய பயம். மலைச்சாமி தன் கையாலேயே எழுதியிருந்தார்: பிரேக் போகக்கூடும் என்று நினைத்தேன்.

ஒன்பது மாதமாக யாராலும் நிரூபிக்க முடியாமல் கிடந்த உண்மை, ஒரு சொல் விட்டுப்போனதால் தாளில் வந்து உட்கார்ந்திருந்தது.

"இத யாருட்டயாவது காட்டுனீகளா சார்?"

"யாருட்ட காட்டணும்? என்னைய விட இங்கன யாருக்கு இங்கிலீஷ் தெரியும்?"

அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். எழுத்துப் பிழைகளைச் சரிசெய்தாள். பெயர்ச்சொற்களுக்கு முன்னால் விட்டுப்போன 'த'க்களைச் சேர்த்தாள். அந்த வரிக்கு வந்ததும் பேனா நின்றது. 'மே' என்று அப்படியே விட்டால், இங்கிலீஷ் தெரியாதவர் எழுதிய தப்பு என்று படிக்கிறவர்கள் தள்ளிவிடக்கூடும். அவள் அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு மேலே 'மைட்' என்று எழுதினாள். 'ஹேவ்' சேர்க்கவில்லை.

மலைச்சாமி எட்டிப் பார்த்தார். "அது ஏன் மாத்துறீக?"

"தாட்னு இறந்த காலத்துல சொன்னா மே வராது சார். மைட்டுதான்."

"ஆமா, ஆமா. தெரியும். அவசரத்துல எழுதிட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்ப இலக்கணமெல்லாம் சரியா இருக்கா?" என்றார்.

"இப்ப இந்த வரியில ஒரு தப்பும் இல்ல சார்."

அவளே டைப் செய்து கொடுத்தாள். அவர் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போனார்.

மூன்று வாரம் கழித்து அவரே போன் செய்தார். எர்ணாகுளத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வருகிறதாம், தேனி அலுவலகத்தில் வைத்துப் பேச வேண்டுமாம். "எனக்குப் பேச வரும். இருந்தாலும் பக்கத்துல ஒரு ஆளு இருந்தா நல்லது டீச்சரு." அவள் அன்றைக்கு வகுப்புக்கு லீவு விட்டாள்.

வந்தது ஐம்பது வயதுப் பெண் அதிகாரி. அமைதியான ஆள். கடிதத்தை மேசையில் விரித்து, அந்த வரியின் மேல் பென்சிலை வைத்து இங்கிலீஷில் கேட்டாள். நாகஜோதி கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னாள்.

"பிரேக்கு போயிருமோன்னு நினைச்சேன்னு எழுதியிருக்கீக. வண்டி கெளம்புறதுக்கு முன்னாடியே ஏன் அப்பிடி நினைச்சீகன்னு கேக்குறாக."

மலைச்சாமிக்கு முதலில் கேள்வியே பிடிபடவில்லை. பிடிபட்டதும் முகம் கறுத்தது. "முன்னாடியா? நான் எங்கன அப்பிடி எழுதுனேன்?"

அதிகாரி தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் படித்தார். மறுபடி படித்தார். மொழிபெயர்க்க இவள் வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, நாகஜோதியை ஒதுக்கிவிட்டு நேராக இங்கிலீஷில் இறங்கினார்.

"நோ மேடம். டிரைவர் டோல்ட் மீ. பட் ஐ டிட் நாட் திங்க் இட் வுட் ஃபெயில்."

டிரைவர் சொன்னான், ஆனால் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. அவர் வாழ்க்கையிலேயே பிழையில்லாமல் பேசிய வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அதிகாரி தலையைத் தூக்காமல் எழுதினாள். பிறகு, "வென் டிட் ஹி டெல் யூ?" என்றாள்.

மலைச்சாமி நாகஜோதியைப் பார்த்தார்.

"அவன் உங்கட்ட எப்பச் சொன்னான்னு கேக்குறாக" என்றாள் அவள்.

மின்விசிறிக் காற்றுக்கு நேர் கீழே இருந்தும் அவருக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது. அதன்பின் அவர் சொன்னது எதுவும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை.

வெளியே வந்ததும் அவர் அவள் எதிரில் வந்து நின்றார். "அந்த வரியத் தெரிஞ்சேதான விட்ட? யாரு நீ?"

"தங்கப்பாண்டி அக்கா. ஆஸ்பத்திரில வாய மூடச் சொன்னீகள்ல, அந்த ஆளு."

அவர் திரும்பிப் பாராமல் போனார்.

ஆனால் நாலாம் நாள் வகுப்புக்கு வந்தார். குரல் இறங்கியிருந்தது. மொழிபெயர்ப்பில் தப்பு நேர்ந்துவிட்டது என்று அவள் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். வீட்டில் மனைவி உமாதேவி மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்றார்.

"எழுதித் தரலாம்னுதான் நினைக்கிறேன்" என்றாள் நாகஜோதி. "மொதல்ல நீங்க ஒண்ணு எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க. தங்கப்பாண்டியன் அன்னைக்கிக் குடிக்கல, நான் சொன்னது பொய்யின்னு."

அவள் ஒரு தாளை நீட்டினாள். அவர் பெஞ்சில் குனிந்து எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவள் அதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கரும்பலகையை அழிக்கத் திரும்பினாள்.

"என் லெட்டரு?"

"தரலாம்னு நினைக்கிறேன்னுதான் சொன்னேன். தர்றேன்னு சொல்லல."

"இது அநியாயம் டீச்சரு."

"ஆமா" என்றாள். அதை மறுக்க அவளுக்கு மனசில்லை.

அன்று மாலையே சின்னமனூர் போய்த் தம்பியிடம் தாளைக் காட்டினாள். அவன் கட்டைக்காலைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலில் கிடந்தான். ஒரு தடவை படித்தான்.

"அந்தாளு அழுதானாக்கா?"

"இல்ல. வேர்த்துச்சு."

தாளை அவளிடமே நீட்டினான். "கருத்தம்மாக்கா மக என்னையக் கண்டா மொகத்தத் திருப்பிக்கிருவா. அவகிட்ட காட்டுவியா?"

மறுநாள் நாகஜோதி அங்கே போனாள். கருத்தம்மாளின் மகள் அபிதா கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தாளை வாங்கி நின்ற இடத்திலேயே படித்தாள். அழவில்லை. மடித்த இடத்திலேயே திரும்ப மடித்தாள்.

"அந்தாளோட மத்த ரெண்டு ஜீப்பும் இப்பவும் மலைக்கு ஓடுது, தெரியுமாக்கா? எங்க சித்தி அதுலதான் போறாக. அதுக்கும் பிரேக்கு சரியில்லங்காக."

நாகஜோதிக்கு நெஞ்சுக்குள் அடங்கப்போன சூடு மறுபடி கிளம்பியது. "ஆர்டிஓ ஆபீஸு பத்து மணிக்குத் தொறப்பாக" என்றாள். "புகாரு நான் எழுதுறேன். நீ கையெழுத்துப் போடு."

அபிதா புத்தகப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.