நாளைக்கு மிதிச்சுக் காட்டுறேன்

ஆயுத பூசையன்று, என் கணவர் முத்துவேல் கழற்றிக் கழுவி வைத்த கத்திகளுக்கு நான் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். சைக்கிள்போல மிதித்தால் பிளாஸ்டிக் போத்தல்களைத் துண்டுதுண்டாக்கும் இயந்திரம் ஒன்றை, கண்டியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அவரே செய்திருந்தார். லொறி ஸ்பிரிங் பட்டையில் வெட்டிய கத்திகள் அவை; போத்தல் மூடிகள் மட்டும் அவற்றுக்கு அகப்படாமல் விழும்.

“கத்திக்கெல்லாம் பொட்டு வச்சிட்ட, எனக்கு இல்லியா?” என்றார்.

“நீங்க என்ன ஆயுதமா?” என்றேன்.

அந்நேரம் வீடு வீடாகத் தேடுதல் நடத்திய படையினர் உள்ளே வந்தார்கள். யுத்த காலம், தமிழர் வீட்டில் வரிசையாகக் கத்திகள். அவர் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார்.

“அப்படியென்றால் மாட்டி ஓட்டிக் காட்டு” என்றார் அதிகாரி.

பூசைக்கு வைத்ததை அன்று வேலைக்கு எடுக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். இவர் சிரித்துக்கொண்டே, “நாளைக்கு மிதிச்சுக் காட்டுறேன், சேர்” என்றார். எனக்கும் அது சரியான பதிலாகத்தான் பட்டது.

கத்திகளோடு அவரையும் கொண்டுபோனார்கள். பல மாதங்கள் அவரைக் கேட்டு அலைந்தேன். கடைசியில் கத்திகளை மட்டும் கொடுத்தார்கள்.

இப்போது நான்தான் மிதிக்கிறேன். போத்தல் மூடிகள், அவர் மிதித்த காலத்தைப் போலவே, இன்றும் அரைபடாமல் முழுசாகக் கீழே விழுகின்றன.