பெரியவருக்கு வெறும் சளிதான்

"இனிமே உன் படுக்கை மாமா அறையில, ராத்திரி அவரைப் பார்த்துக்க," என்று சொல்லி, இளைய மருமகளின் தலையணையை மாமியார் காலால் தள்ளினாள். கையால் தொட்டால் ஒட்டிக்கொள்ளுமாம்.

அறைக்குள் மாமனார் இருமிக்கொண்டிருந்தார். மாதக்கணக்கான இருமல், துப்பினால் இரத்தம், உடம்பு கரைந்து எலும்பு மிஞ்சியிருந்தது. மூத்த மகன் மருந்துக்கடை முதலாளி. சிவப்பில் ஒரு புட்டி, பச்சையில் ஒரு புட்டி என்று கடைச் சரக்கையெல்லாம் தகப்பன் தொண்டையில் ஊற்றிப் பார்த்தான். சோதனைக்கு மட்டும் அழைத்துப் போகவில்லை. மருந்துக்கடைக்காரன் வீட்டிலேயே காசநோய் என்று தெரிந்தால் வியாபாரம் என்னாவது? ஆகவே குடும்பம் கூடி அதற்குச் சளி என்று பெயர் சூட்டியது. இருமல் தெருவுக்குக் கேட்காதபடி ஜன்னல்களையும் சாத்தியது.

இளைய மருமகளுக்கு எச்.ஐ.வி. தொற்று. அது, இறந்துபோன கணவன் அவளுக்கு விட்டுச்சென்ற ஒரே சொத்து. கொடுத்தவன் உத்தமனானான், வாங்கியவளுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். தட்டில் பரவாத நோய்க்கு அத்தனை காவல்! காற்றில் பரவும் நோய்க்கோ அவளையே காவலுக்கு வைத்தார்கள்.

மாத்திரை வாங்கப் போன இடத்தில் நர்ஸ் சொன்னதை அவள் எடுத்துச் சொன்னாள்: எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் காசநோய் எளிதாகக் குடியேறும், அவளைப் போன்றவர்களை உலகெங்கும் அதிகமாகக் கொல்வது அதுதான், பெரியவரைச் சோதித்து மருந்து கொடுத்தால் அவரும் பிழைப்பார், அவளும் தப்புவாள்.

"உனக்குத்தான் ஏற்கெனவே இருக்கே. இனிமே புதுசா என்னடி வந்துடப் போகுது?" என்றாள் மாமியார். ஒரு நோய் புகுந்த உடம்பை மற்ற நோய்கள் மரியாதையாக விலகிப் போகும் என்பது அந்த வீட்டு வைத்திய சாஸ்திரம்.

மருமகள் தலையணையை எடுத்து முற்றத்தில் போட்டாள். பிறகு வெந்நீர்ச் செம்பையும் சளி துப்பும் கிண்ணத்தையும் கொண்டுவந்து மூத்தவன் முன்னால் வைத்தாள்.

"நானும் உசுரோட இருக்கணும் அத்தான். மாமாவுக்கு வெறும் சளிதானே? இன்னைக்கு நீங்க கூடப் படுத்துக்கங்க."

மூத்தவன் தாயைப் பார்த்தான். தாய் மூத்த மருமகளைப் பார்த்தாள். அவளோ பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினாள். அறைக்குள் மறுபடியும் இருமல் எழுந்தது. மூத்தவனின் கைக்குட்டை தானாக மூக்குக்கு ஏறியது.

சற்று நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மூத்தவன் போனில் மருத்துவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்: "காசநோயா இருக்குமோன்னு பயமா இருக்கு டாக்டர், உடனே பாருங்க."

மருமகள் படுக்க வேண்டியிருந்தவரை அது சளியாக இருந்தது. மகன் படுக்க வேண்டும் என்றதும் காசநோயாகிவிட்டது.