அப்பா சொன்ன 'நாளைக்கு'

அப்பாவுக்கு மூக்கு வழியாக உணவு செலுத்தக் குழாய் போடப்போகிறார்கள் என்று அண்ணன் போனில் சொன்னதும், சின்னவள் கைக்குக் கிடைத்த பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். வந்து சேரும்போது மதியம் தாண்டிவிட்டது. நர்ஸ் சாயங்காலம் வருவதாக ஏற்பாடு.

அப்பா கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை அவர் சொல் பேச்சு கேட்பதில்லை. நாக்கும் அப்படித்தான். பட்டறையில் வெல்டிங் சத்தத்தையும் மீறிக் கதை சொன்ன மனிதருக்கு மிஞ்சியவை நாலைந்து சொற்கள். அதில் ஒன்று 'நாளைக்கு'.

கஞ்சி கொண்டுபோனால் "நாளைக்கு". பழத்தை மசித்துக் கொண்டுபோனாலும் "நாளைக்கு". அதற்கு மேல் கரண்டி நெருங்கினால் உதட்டைப் பூட்டிக்கொள்வார்.

"பிடிவாதம்," என்றான் அண்ணன். அவன் கண்ணில் தூக்கம் கெட்டுக் கிடந்தது. "ஆஸ்பத்திரியில குழாய் போட்டதைப் பிடுங்கி எறிஞ்சிட்டார். மூக்குல ரத்தம். இந்தத் தடவை கையைக் கட்டித்தான் போடணும்னு சொல்லிட்டாங்க."

கட்டில் சட்டத்தில் துணிப்பட்டை ஒன்று முடிச்சோடு தொங்கியது. அப்பாவின் இடது கை அதன் நுனியைத் தடவிக்கொண்டிருந்தது. தீப்பொறி தெறித்த பழைய புள்ளிகள் அந்தக் கை முழுக்க இருந்தன. சின்னவளால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

சமையலறையில் அண்ணி எதையோ பைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி அது?"

"பிரெட். உங்கப்பா பால்ல தொட்டுச் சாப்பிடுவார்னு வாங்கினேன். கல்லா காஞ்சு போச்சு, குப்பையில போடறேன்." முடிச்சை வெடுக்கென்று இறுக்கினாள். "என் கை பட்டதெல்லாம் அவருக்கு நாளைக்குத்தான். நீ வந்துட்டேல்ல, நீ குடுத்துப் பாரு."

சின்னவள் பைக்கு மேலே கையை வைத்து ஒரு துண்டை அழுத்திப் பார்த்தாள். விறைப்பாக இருந்தது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

சின்னவளின் சிறுவயதில் அண்ணன் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை சமையலறை அப்பாவுடையது. பிரெட் வாங்கி வருவார். இப்போதே அதில் இனிப்பு செய்யச் சொல்லி இவள் காலைக் கட்டிக்கொள்வாள். "நாளைக்கு" என்பார். புது பிரெட் பாலைக் கண்டால் பசையாகிவிடும். காய்ந்ததுதான் பாலைக் குடித்துவிட்டு உடையாமல் நிற்கும். கேட்கும்போதெல்லாம் அதே பதில் வந்ததால், அந்த இனிப்பின் பெயரே நாளைக்கு என்று இவள் நினைத்துவிட்டாள். பள்ளியில் உனக்கு என்ன இனிப்பு பிடிக்கும் என்று டீச்சர் கேட்டபோது "நாளைக்கு" என்று சொல்ல, "ஏன், இன்னைக்குச் சொன்னா ஆகாதா?" என்று டீச்சர் அதட்டியிருக்கிறாள். அன்றிலிருந்து வீட்டில் அதுவே பெயர். அம்மா இறந்த பிறகு அப்பா அதைச் செய்வதை விட்டுவிட்டார்.

"அண்ணி, அவர் வேண்டாம்னு சொல்லல," என்றாள் சின்னவள். "இதைத்தான் கேக்கறார்."

விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் நெற்றியைத் தேய்த்தான். "எனக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது. நீ சொல்றது தப்பா இருந்தா? தொண்டையில போறது மூச்சுக்குழல்ல போச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"கட்டி இல்லாம, தண்ணியாவும் இல்லாம இருந்தா குடுக்கலாம்னு நர்ஸ் சொன்னதா நீதான போன்ல சொன்னே."

"அவர் வாயைத் தொறந்தா குடுக்கலாம்னு சொன்னாங்க."

அவளுக்கும் நிச்சயமில்லை. ஆனாலும் பையின் முடிச்சை அவிழ்த்தாள். பூஞ்சை இருக்கிறதா என்று ஒவ்வொரு துண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். இல்லை. ஓரங்களைச் சீவிவிட்டு வெதுவெதுப்பான பாலில் போட்டாள். முட்டையும் சர்க்கரையும் சேர்த்து அடித்து, சல்லடையில் தேய்த்தாள். திப்பி ஒன்று கண்ணில் பட்டதும் மறுபடி தேய்த்தாள். அண்ணி கேட்காமலேயே சல்லடையைக் கழுவிக் கழுவிக் கொடுத்தாள்.

அப்பா சர்க்கரையைக் கருக்கித்தான் அடியில் ஊற்றுவார். சின்னவள் சட்டியை அடுப்பில் வைத்தாள். தேன் நிறம் தாண்டியது. அண்ணி அடுப்பை அணைக்கக் கை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் அண்ணி. லேசா கசக்கணும்."

"கரியாயிடும்டி."

புகை கிளம்பும் நேரத்தில் சட்டியை இறக்கி, பாகைக் கிண்ணத்தில் ஊற்றி, அதன் மேல் பிரெட் கலவையை நிரப்பி, கொதிநீரில் மூடி வைத்தாள். கருகிய சர்க்கரையின் மணம் வீடு முழுக்கப் பரவியது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. எட்டிப் பார்த்தபோது அப்பாவின் முகம் சமையலறைப் பக்கம் திரும்பியிருந்தது.

வெந்த கிண்ணத்தை இறக்கி ஆறவைத்தபோது வாசல் மணி அடித்தது.

நர்ஸ் கைப்பையைத் திறந்து, உறையோடு குழாயை எடுத்து மேசையில் வைத்தாள். கிண்ணத்தைக் கரண்டியால் கிளறிப் பார்த்தாள். அடியில் இளகி நின்ற பாகை வடித்துவிடச் சொன்னாள். "வழுவழுன்னுதான் இருக்கு. அரைக் கிண்ணம் உள்ள போகட்டும், பார்க்கலாம். திணறினா அந்த நிமிஷமே நிறுத்திடுவேன். அப்புறம் என்கிட்ட வாதாடக் கூடாது."

சின்னவள் அதை வடித்துவிட்டு, கரண்டி நுனியில் எடுத்து அப்பாவின் முன்னால் பிடித்தாள். உதடு பூட்டியே இருந்தது. அண்ணன் பட்டையைப் பார்த்தான்.

"அப்பா," என்றாள். "நாளைக்கு."

அவர் அவளைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். வாய் திறந்தது.

தொண்டை ஏறி இறங்கியது. இரண்டாவது கரண்டிக்கு இருமல் வந்துவிட்டது. அண்ணன் பாய்ந்து முன்னால் வந்தான். நர்ஸ் ஒரு கையால் அவனைத் தடுத்து, மறு கையை அப்பாவின் தொண்டையில் வைத்தாள்.

"ஐயா, ஏதாவது சொல்லுங்க. மூச்சுக்குழல்ல போயிருந்தா குரல் கரகரக்கும்."

அப்பா மூச்சு வாங்கினார்.

"நாளைக்கு," என்றார். கரகரப்பு இல்லாத குரல்.

"ஆமா, நாளைக்கும் வருவேன்," என்றாள் அந்தப் பெயரின் கதை தெரியாத நர்ஸ். "குரல் தெளிவாத்தான் இருக்கு. தாடையைக் கீழ இறக்கி விழுங்கச் சொல்லுங்க. மெதுவா."

சின்னவள் கிண்ணத்தை அண்ணியிடம் நீட்டினாள். "நீங்க குடுங்க."

"நானா? மூடிக்குவார்."

"குடுங்க அண்ணி."

அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "மாமா, நாளைக்கு," என்றாள், பரீட்சைக்கு வந்தவள் மாதிரி. அப்பா வாயைத் திறந்தார்.

கிண்ணம் பாதிக்குக் கீழே போனதும் நர்ஸ் குழாயை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "இன்னைக்கு இது வேணாம். ஆனா இதை மட்டும் குடுத்தாப் பத்தாது. இனி கஞ்சியும் இறங்கணும், பார்த்துக்கோங்க."

அவள் போனதும் அண்ணன் குனிந்து பட்டையின் முடிச்சை அவிழ்த்தான். இறுகிக் கிடந்ததால் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது. சமையலறையில் அண்ணி ஒரு புது பிரெட் பொட்டலத்தைப் பிரித்து, தாம்பாளத்தில் துண்டுகளை ஒன்றோடொன்று படாமல் பரப்பினாள். சின்னவள் பழக்க தோஷத்தில் மூடியை எடுத்து வந்தாள்.

"மூடாத," என்றாள் அண்ணி. "காயட்டும்."