முகத்தில் ஒரு ரோஜாப்பூ

தென்காசியில் ட்ராவல்ஸ் நடத்தும் ஆவுடைநாயகம் அண்ணாச்சிக்கு, விமானத்தைக் கண்டுபிடித்ததே தான்தான் என்று நினைப்பு. டிக்கெட் எடுத்தவரைக் குற்றால அருவி அச்சடித்த திரைக்கு முன்னால் நிறுத்தி, பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் விரித்துப் பிடிக்கவைத்து, ‘பயணம் சிறக்கட்டும்’ என்று வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஏற்றாமல் அவர் ஒருவரையும் நாடு கடத்தியதில்லை.

மிஸ்ரியா டீச்சர் படமே வேண்டாம் என்றாள்.

“மஸ்கட்ல ஸ்கூல் வேலை அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை போய்ச் சேரலைன்னா வேற ஆளப் போட்டுருவாங்க. எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா, தலாக் ஆன பொம்பளைக்குத் தனியா என்ன வெளிநாடுன்னு வாசலைத் தாண்ட விடமாட்டான். போய் இறங்கிட்டுத்தான் சொல்லணும்.”

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். “டீச்சர், பாஸஞ்சர் பிரைவசின்னா என்னன்னு ஏர்லைன்ஸ்காரனுக்கே பாடம் எடுக்குத ஆளு நான். படம் ஆபீஸ் ரெக்கார்டுக்கு மட்டும். வெளிய ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.”

நம்பி நின்றாள்.

சனிக்கிழமை விடியும்போதே, குற்றாலத்துக்குக் குளிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பெட்டி முந்தின நாளே கூட வேலை பார்த்த இசக்கிசெல்வி டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தது. செங்கோட்டை தாண்டி, மலையேறி இறங்கி, திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் நின்றபோதுதான் மூச்சு வந்தது.

வாசல் காவலர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முக்காட்டைக் கொஞ்சம் தள்ளச் சொல்லி மறுபடியும் பார்த்தார். மிஸ்ரியா மிஸ்ரியாதான் என்று அரசாங்கத்துக்குத் திருப்தியான பிறகே உள்ளே விட்டார்.

கவுண்டரில் இருந்த பெண் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மேடம், இந்த டிக்கெட்டை நேத்து சாயங்காலமே ஆன்லைன்ல கேன்சல் பண்ணியிருக்கு.”

“நான் பண்ணலையே!”

“டிக்கெட் நம்பரும் பேரும் இருந்தா யாரும் பண்ணலாம் மேடம்.”

அண்ணாச்சிக்குப் போன் போட்டாள்.

“ஸ்டேட்டஸ் போட்டீங்களா?”

“போட்டேன். ஆனா ஒங்க மூஞ்சில பெரிய ரோஜாப்பூ ஒட்டி மறைச்சிட்டேன்லா! பிரைவசி டீச்சர்!”

“பாஸ்போர்ட்?”

“அது பளிச்சுன்னு விழுந்திருக்கு. டிக்கெட்டும் அப்படித்தான். இருநூத்திப் பதினாலு பேரு பாத்திருக்காவ. ஒங்க அண்ணன் உவைஸ்கூட ஹார்ட்டு போட்டிருக்காரு.”

வெளியே வந்தாள். உவைஸ் காரில் சாய்ந்து நின்றான், கல்யாண வீட்டில் ஆள் அழைக்க வந்தவன் மாதிரி.

“குளிச்சாச்சா? ஏறு, வீட்டுக்குப் போவோம்.”

“கேன்சல் பண்ணினது நீயா?”

“ஒன் நல்லதுக்குத்தான். ஊர் முழுக்கப் பாத்திருக்கு. கூடப் பொறந்தவன் கடைசியாப் பாக்கேன். எனக்கு எப்படி இருக்கும்?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?”

“கேட்டா நீ போயிருப்ப.”

பெட்டியை எடுக்கக் குனிந்தவன் கையைத் தள்ளிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். நாளைக் காலை விமானத்தில் இரண்டு சீட் மிச்சம் இருந்தது. டிக்கெட்டுக்காக வளையலை விற்ற காசில் மீதி இன்னும் கணக்கில் கிடந்தது. பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

“என்ன தட்டுத? காட்டு,” என்று உவைஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

மிஸ்ரியா எழுந்தாள். பெட்டியை இழுத்துக்கொண்டு போய், வாசல் காவலருக்குப் பக்கத்தில் சுவரில் முதுகை ஒட்டி நின்று மிச்சத்தைத் தட்டினாள்.